தடுக்கிற கை

ஏசுதாசுக்கு எல்லாம் வந்தது, தடுக்க மட்டும் வரவில்லை.

குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடித்து நில் என்றால் நின்றான். மர டிப்போவில் பகலெல்லாம் கட்டை சுமக்கிற கால், அதற்கு நிற்பதில் என்ன கஷ்டம்? குத்து என்றால் குத்தினான். உதை என்றால் உதைத்தான். எதிரே நிற்பவன் முகத்துக்கு நேராகக் கையை ஓங்கினால்தான் எல்லாம் கெட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். தோளைக் குறுக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, முதுகைக் கொடுத்து நின்றுவிடுவான். இருபத்திரண்டு வயது ஆள், உழைத்து முறுக்கேறிய உடம்பு, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி ஒடுங்கி நிற்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாடா, புதுப்பொண்ணு மாதிரி மூஞ்சத் திருப்பிக்கினு நிக்கிற?" என்பார் மாஸ்டர் ஜெயினுலாபுதீன். "அவன் கை வர்ற வழியில உன் கை குறுக்கப் போவணும். அவ்ளோதானே விசயம்? கீழேருந்து மேல தூக்கு. கடைசில ஒரு திருப்பு. முழங்கைக்குக் கீழ கீது பாரு இந்த எலும்பு, இதுல வாங்கிக்கோ."

"சரி மாஸ்டர்."

மறுபடி ஓங்கினால் மறுபடி முதுகு.

மாஸ்டர் என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏசுதாசைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருந்த அந்த மர டிப்போ அவருடைய அத்தாவுடையது. வாலிபத்தில் பினாங்கில் மாமா கடையில் நின்றபோது அங்கே கராத்தே பழகியிருந்தார். அத்தா மவுத்தானதும் திரும்பி வந்து டிப்போவைப் பார்த்துக்கொண்டார். எழுபத்தேழு எழுபத்தெட்டில் மெட்ராஸ் கொட்டகைகளில் சீனாக்காரர் சண்டைப் படங்கள் ஓடி, எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் தெருவில் ஊளையிட்டுக்கொண்டு காற்றை உதைத்துத் திரிந்த காலம். ரம்பக் கொட்டகைக்குப் பின்னால் மரத்தூளைப் பரப்பி அவர் வகுப்பு வைத்தார் என்றதும் கூட்டம் குவிந்தது. வந்த அன்றே செங்கல் உடைக்கலாம் என்று வந்தவர்கள், மாதக்கணக்கில் நிற்கத்தான் சொல்லித்தருவார் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏசுதாசை மாஸ்டர்தான் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் விட்டார். கூலிக்காரனிடம் ஃபீஸ் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

விடியற்காலையில் வகுப்பு. பனி நாளில் மரத்தூள் சில்லென்று இருக்கும். 'இச்சி, நீ, சான்' என்று ஜப்பான் பாஷையில் எண்ணிக்கொண்டே குத்த வேண்டும். ரம்பம் ஓட்ட வருகிற ஆட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு, "எச்சி, நீ, சானா? யாரு எச்சிடா?" என்று கிண்டல் செய்வார்கள். எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து டிப்போ திறக்கும். ஏசுதாஸ் வெள்ளை உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அழுக்கு லுங்கியைக் கட்டிக்கொண்டு கட்டை தூக்கப் போவான்.

அந்த வெள்ளை உடுப்பின் மேல் அவன் அம்மா செல்லம்மாவுக்கு ஒரே பெருமை. வாரத்துக்கு ஒருமுறை சொட்டு நீலம் போட்டு அலசி, வேலி மேல் யார் கையும் படாமல் காயப்போடுவாள். "பூசைக்கு நிக்கிற புள்ளைங்க மாதிரி கீது," என்பாள். சண்டை போடுகிற உடுப்பு என்று சொன்னால் அவள் காதில் ஏறாது.

வகுப்பில் கடைசிவரை தங்கியவர்களில் இன்னொருவன் வாசுதேவன். காலேஜில் பி.காம். படித்தான். ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் வருவான். படாளத்தில் இறங்கி வயலோடு வயலாக உள்ளே போனால் ஒரு கிராமம். அங்கே ஏரிப் பாய்ச்சலில் பாதி நிலம் வைத்திருந்த பெரிய வீட்டுப் பேரன். நல்ல பையன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததைக் கேட்டால் அவனை ஏசத் தோன்றும். டிபன் பாக்ஸில் கொண்டுவந்த இட்லியை ஏசுதாசுக்குப் பாதி கொடுத்துத்தான் தின்பான். உயரம் ஒத்துப்போனதால் இருவரையும் ஜோடியாக நிறுத்தியிருந்தார் மாஸ்டர்.

"மச்சான், கண்ணத் தொற. நான் இன்னா உன்ன அட்ச்சிடவா போறேன்?" என்பான் வாசுதேவன்.

"தெரியும்பா. கண்ணு தானா மூடிக்கிது."

"சரி, மொல்லமா வரேன். கை வர்றதப் பாத்துகினே இரு. பாத்தியா? இதோ வருது. இப்போ தூக்கு."

அப்படி மெள்ள மெள்ளக் கையைக் கொண்டுவந்து அவன் சொல்லிக்கொடுத்த பொறுமையை மாஸ்டரிடம்கூடப் பார்க்க முடியாது. அவனுக்குத் தெரியாத ஒன்று ஏசுதாசுக்குத் தெரியும். ஏசுதாஸ் பிறந்தது அதே கிராமத்துக் காலனியில். அவன் அப்பா துரை, வாசுதேவனின் தாத்தாவிடம் படியாளாக இருந்தவர். ஏசுதாசுக்குப் பத்து வயதாகும்போது துரை குடும்பத்தோடு செங்கல்பட்டுக்கு வந்து, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டார். மூத்த மகள் எல்லம்மாள் மட்டும் சொந்தத்தில் கல்யாணம் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். அவள் குடிசை நிற்கிற மனை பெரிய வீட்டுடையது. காலனியில் முக்கால்வாசிக் குடிசைகள் அப்படித்தான்.

ஏசுதாஸ் கை தூக்காததற்கும் காரணம் அந்த ஊரில்தான் இருந்தது. சின்ன வயதில் அவன் மேய்த்த ஆடு பெரிய வீட்டு எள்ளுக் கொல்லையில் இறங்கிவிட்டது. காரியக்காரர் பிடித்து அடித்தார். அடி முகத்தில் விழாமல் இருக்கக் குழந்தை கையைத் தூக்கியது. "எதுத்துக் கை தூக்குறியா?" என்று அதற்கு வேறு தனியாக விழுந்தது. வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே செல்லம்மா சொல்லிக்கொடுத்தாள்: "கை தூக்காதடா கண்ணு. முதுவக் காட்டிட்டு நில்லு. முதுவுல வுழறது ஆறிப்பூடும்." அதை அவன் நன்றாகக் கற்றுக்கொண்டான். இப்போது ஜெயினுலாபுதீன் அதை அழித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தார்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று போயிற்று. வெயிலில் டிப்போவின் தகரக் கூரை படபடவென்று வெடித்தது. மாஸ்டர் ஒரு யுக்தி செய்தார். வகுப்பில் மட்டும் இல்லை, வேலை நேரத்திலும் யார் வேண்டுமானாலும் ஏசுதாஸ் முகத்துக்கு நேரே கையை ஓங்கலாம் என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? டீ வாங்கி வருகிறவன் ஓங்கினான், லாரி டிரைவர் ஓங்கினான், தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ரம்பக்காரன் பின்னாலிருந்து வந்து ஓங்கினான். எல்லாரையும்விட அதிகமாக ஓங்கியவன் வாசுதேவன். காலேஜ் விட்டுப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, உள்ளே ஓடிவந்து ஓங்கிவிட்டுப் போவான்.

"யோசன பண்ணா லேட்டு," என்பார் மாஸ்டர். "பசிச்சா வாய் தொறக்கிதில்ல, அத்த மாதிரி கை வரணும். நீ தூக்கக் கூடாது. அது தூக்கிக்கணும்."

ஆடியில் ஒருநாள் காலை அது தூக்கிக்கொண்டது. வாசுதேவனின் வலது கை வந்தது. ஏசுதாஸின் இடது கை கீழிருந்து எழுந்து, நெற்றிக்கு மேல் போய், கடைசியில் ஒரு திருப்புத் திருப்பி நின்றது. எலும்போடு எலும்பு மோதி 'டக்' என்றது. ஏசுதாஸ் தன் கையையே யாருடையதோ என்பதுபோல் பார்த்தான். மாஸ்டர் கை தட்டினார். வாசுதேவன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, மரத்தூளில் இருவரும் உருண்டார்கள். ரம்பக்காரர்கள்கூட அன்று கிண்டல் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கையை நிறுத்த முடியவில்லை. வீட்டில் செல்லம்மா ஒட்டடை அடிக்கத் துடைப்பத்தை உயர்த்தினால் எழுந்தது. கொசு அடிக்கப் போனால் எழுந்தது. ஒருநாள் இரவு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துரை எதற்கோ கையை நீட்டப் போக, மகன் கை விசுக்கென்று மேலே வந்து அவர் கையைத் தட்டிவிட்டது. குழம்பு சிந்தியது. செல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். துரை சிரிக்கவில்லை.

"இது நல்லதுக்கு இல்ல," என்றார்.

"இன்னா நைனா நல்லதுக்கு இல்ல? அட்ச்சா தட்த்துக்கக் கூடாதா?"

"தட்த்துக்கறவன் தட்த்துக்கலாம். நமக்கு அது ஆவாது."

"எந்தக் காலத்துல கீற நீ? இது செங்கல்பட்டு. ஊரு இல்ல."

"இருக்கட்டும். உன் கூட அங்க யார்லாம் கத்துக்கறாங்க?"

ஏசுதாஸ் ஒவ்வொருவராகச் சொல்லி, கடைசியில் வாசுதேவன் பேரையும் அவன் ஊரையும் சொன்னான். துரையின் கையில் களி உருண்டை அப்படியே நின்றது.

"அவுரு பேரனா?"

"ஆமா."

"நீ யாருன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

"சொல்லாத," என்றார் துரை. "அவன் மேல கையப் படாம பாத்துக்கோ. அக்கா அங்க கீறா."

அவர் கை கழுவிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மூட்டை சுமந்து காய்த்த பிடரியை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்ததும் பெல்ட் பரீட்சை வந்தது. மெட்ராசிலிருந்து மாஸ்டருக்குத் தெரிந்த பெரிய மாஸ்டர் ஒருவர் வருகிறார், மாமல்லபுரம் கடற்கரையில் வைத்துப் பார்க்கிறார் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனார்கள். கோயிலுக்கு வடக்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் இடம் பிடித்தார்கள். வானம் கறுத்துக் கிடந்தது. கட்டுமரங்களைக் கரையேற்றிக்கொண்டிருந்த மீனவர்கள், வெள்ளை உடுப்பில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஏதோ சினிமா ஷூட்டிங் என்று நினைத்து வந்து நின்றார்கள். சுண்டல் விற்கிறவன் ஒருத்தனும் வந்துவிட்டான்.

மணலில் நிற்பது மரத்தூளில் நிற்பது போல் இல்லை, கால் உள்ளே போகும். நிறையப் பேர் அதிலேயே தடுமாறினார்கள். ஏசுதாஸ் நின்றான். மெட்ராஸ்காரர் அவன் இடுப்பில் காலை வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு ஜோடி ஜோடியாக விட்டார். ஒருவன் அடிக்க வேண்டும். மற்றவன் தடுத்து, திருப்பிக் குத்தி, தோலைத் தொடுகிற இடத்தில் கையை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்குத்தான் மார்க்கு.

வாசுதேவனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு குறை உண்டு. அடிக்கும்போது கையோடு தலையையும் முன்னால் கொண்டுபோவான். மாஸ்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்று உற்சாகத்தில் முழு வேகத்தோடு வந்தான். ஏசுதாஸின் இடது கை தடுத்தது. வலது கை போனது. போன கை நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. ஈர மணலில் கால் வழுக்கிய வாசுதேவன் தலைதான் அங்கே நிற்காமல் வந்து மோதியது.

வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று பாதியாக உடைந்து மணலில் விழுந்தது. ஏசுதாஸ் மண்டியிட்டு உட்கார்ந்து, "ஐயோ வாசு, ஐயோ," என்று தன் வெள்ளைச் சட்டையாலேயே அவன் வாயைத் துடைத்தான். வாசுதேவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வுடு மச்சான், என் தப்பு," என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தான். உடைந்த பல்லோடு அந்தச் சிரிப்பைப் பார்த்து எல்லாருமே சிரித்துவிட்டார்கள். மெட்ராஸ்காரர் இருவருக்கும் மஞ்சள் பெல்ட் கொடுத்தார். மாஸ்டர் எல்லாருக்கும் மீன் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். வாசுதேவன் மட்டும் மோர் குடித்தான்.

வீட்டுக்குப் போனவன் என்ன சொன்னானோ, எப்படிச் சொன்னானோ. அடித்தவன் பெயரைச் சொல்லியிருப்பான். 'ஏசுதாஸ், நம்ம மாஸ்டர் டிப்போல வேலை செய்றான், நல்லா பண்றான் தாத்தா' என்று பெருமையாகவே சொல்லியிருப்பான். அந்த ஊரில் யார் மகன் எங்கே வேலை செய்கிறான் என்று பெரிய வீட்டுக்குத் தெரியாதது உண்டா?

புதன்கிழமை சாயங்காலம் எல்லம்மாளின் புருஷன் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றான். தலையைத் துவட்டக்கூட இல்லை.

"மாமா, கூரையப் பிரிச்சிக்கச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் டயம். இல்லாங்காட்டி ஆளு வுட்டுப் பிரிக்கறாங்களாம்."

"எல்லம்மா இன்னா சொல்றா?"

"இன்னா சொல்லுவா? அழுதுகினு கீறா. இது ஒம்பதாவது மாசம் மாமா."

செல்லம்மா மகனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையே என்று இருந்தது ஏசுதாசுக்கு. அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

மறுநாள் துரை கூட்ஸ் ஷெட் வேலைக்குப் போகாமல் டிப்போவுக்கு வந்தார். அங்கே அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஜெயினுலாபுதீன் விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப்போனார்.

"இன்னா அநியாயம் இது? வெளையாட்டுல பட்ட அடி. அந்தப் பையனே என் தப்புன்னு சொல்றான். வூட்டு மனைக்கெல்லாம் இப்ப சட்டம் வந்து கீது, தெரியுமா? காலி பண்ண முடியாது. தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம்."

"சட்டம் செங்கல்பட்டுல கீது மொதலாளி," என்றார் துரை. "வூடு அங்க கீது."

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க ஒருவாட்டி வந்து சொன்னீங்கன்னா அவுரு கேப்பாரு. உங்களாண்ட மரம் வாங்கி கீறாங்க. எனக்காவ இல்ல, புள்ளத்தாச்சிப் பொண்ணு."

"வரேன். இன்னாத்துக்குக் கைய கூப்புறீங்க? வுடுங்க. நான் வரேன்."

சனிக்கிழமை ஏசுதாசையும் கூட்டிக்கொண்டு மூவரும் பஸ்ஸில் படாளத்தில் இறங்கி நடந்தார்கள். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஏரி நிறைந்து மதகில் தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. நடவு முடிந்த வயல்களில் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. வழியெல்லாம் துரை மகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கறேன். இன்னா சொன்னாலும் கேட்டுக்கோ. அவுங்க வூட்டுப் புள்ள பல்லு போச்சு, அவுங்களுக்கும் வயிறு எரியும். நாலு வார்த்த கேப்பாங்க."

"கேட்டுக்கறேன் நைனா."

"அட்ச்சாலும் வாங்கிக்கோ."

"வாங்கிக்கறேன். அக்கா வூடு போவக் கூடாது. அதான எனக்கும்?"

அவன் அதை மனதாரச் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரிய வீட்டுக் களத்தில் வைக்கோல் போர் நனைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் சாய்வு நாற்காலியில் வாசுதேவனின் தாத்தா உட்கார்ந்திருந்தார். மெலிந்த, சிவந்த மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மாஸ்டருக்கு நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார். துரையும் ஏசுதாசும் களத்தில், தூறலில் நின்றார்கள். காலனி ஆட்கள் சிலர் தள்ளி நின்றார்கள். எல்லம்மாள் வேலியோரம் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆண்டே," என்று ஆரம்பித்தார் துரை. செங்கல்பட்டில் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை. "புள்ள தெரியாம செஞ்சிட்டான். பொறுத்துக்கணும்."

மாஸ்டரும் சொன்னார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. விளையாட்டு என்றார், விதி என்றார், பல்லுக்கு ஆகிற செலவைத் தானே கொடுப்பதாகச் சொன்னார். தாத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் பாய்," என்றார். "பசங்க வெளையாட்டு. நான் ஒண்ணும் பெரிசு பண்ணல. பல்லுக்கு நானே கட்டிக்கிறேன். ஊருல என்ன பேசுறாங்கன்னா, தொரை மவன் நம்ம வூட்டுப் புள்ளய அடிச்சிட்டான்னு பேசுறாங்க. அது நல்லா இல்ல. எம் பேரனும் இவன ஒண்ணு அடிக்கட்டும். சமமாப் போயிடும். அதுக்கப்புறம் யாரும் பேச மாட்டாங்க. கூரையும் இருக்கட்டும்."

துரையின் முகத்தில் உயிர் வந்தது. ஒரு அறை! அவ்வளவுதானா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "சரிங்க ஆண்டே. சரிங்க," என்று மகனை முன்னால் தள்ளினார்.

வாசுதேவன் உள்ளேயிருந்து வந்தான். உதடு இன்னும் வீங்கியிருந்தது. "வேணாம் தாத்தா. இன்னா இது?" என்றான்.

"போடா," என்றார் தாத்தா.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் என்ன சொல்வார்? நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, வேலியோரம் நிற்கிறவளின் வயிற்றைப் பார்த்தார். "முட்ச்சிடு வாசு," என்றார்.

"அட்ச்சிடு வாசு," என்றான் ஏசுதாசும். "எனக்கு ஒண்ணும் இல்ல. சீக்கிரம் அட்ச்சிடு."

வாசுதேவன் எதிரே வந்து நின்றான். ஏசுதாஸ் இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றான். வாசுதேவனின் வலது கை வந்தது.

ஏசுதாஸின் இடது கை எழுந்தது. நெற்றிக்கு மேல் போய், கடைசியில் ஒரு திருப்புத் திருப்பி நின்றது. 'டக்' என்ற சத்தம் களம் முழுக்கக் கேட்டது.

காலனி ஆட்களில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"பாத்தீங்களா பாய்?" என்றார் தாத்தா.

"இல்லீங்க, இல்லீங்க," என்று பதறினான் ஏசுதாஸ். "நான் வேணும்னு பண்ணலீங்க. அது தானா வந்துடுச்சு. வாசு, இன்னொரு வாட்டி. இந்த வாட்டி வராது."

கைகளைப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டான். வாசுதேவன் இந்த முறை இடது கையால் அடித்தான், அந்தப் பக்கம் தடுக்க ஏசுதாசுக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை என்று நினைத்திருப்பான். பின்னால் பிடித்திருந்த பிடி அறுத்துக்கொண்டு வலது கை முன்னால் வந்துவிட்டது. 'டக்'. வலி தாங்காமல் வாசுதேவன் கையை உதறினான்.

ஏசுதாசுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "சத்தியமா நான் இல்லீங்க. பழகிப்போச்சுங்க. மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க மாஸ்டர், அது தானா வர்றது."

ஜெயினுலாபுதீன் எழுந்து நின்றுவிட்டார். "நிஜந்தாங்க. அவனால முடியாது. நான்தான் அப்படி…" என்றார். யார் நம்புவார்கள்? பார்க்கிறவர்களுக்கு, காலனிப் பையன் ஒருத்தன் பெரிய வீட்டுக் களத்திலேயே நின்று, பெரிய வீட்டுப் பிள்ளையை இரண்டு தரம் தட்டிவிட்டான். அதுதான் தெரிந்தது.

தாத்தா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் போனார். அவர் எழுந்து உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று துரைக்குத் தெரியும். "ஆண்டே, ஒரு நிமிசம், ஒரே நிமிசம்," என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் மகனுக்குப் பின்னால் போய், அவனுடைய இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே சேர்த்துப் பிடித்து, முதுகோடு முறுக்கி, தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் மூட்டை பிடித்த பிடி அது.

"நைனா," என்றான் ஏசுதாஸ்.

"சும்மா இருடா. சும்மா இரு என் ராசா." துரை மகனின் தோளுக்கு மேலாக வாசுதேவனைப் பார்த்தார். "சாமி, நான் புட்ச்சிகினு கீறேன். இப்ப வராது. அட்ச்சிடு சாமி."

வாசுதேவன் அழுதுகொண்டே நின்றான்.

"அட்ச்சிடு சாமி. உன் கால்ல வேணா வுழறேன். அட்ச்சிடு."

அந்த உடம்பு துரையின் பிடிக்குள் திமிறியது. அறை வருவதற்கு முன்பே தோள்கள் இரண்டும் மேலே எழப் பார்த்தன. துரை இன்னும் இறுக்கினார். அறை விழுந்தது. பெரிய அறை ஒன்றும் இல்லை. ஏசுதாஸின் தலை அப்பாவின் கன்னத்தில் இடித்தது, இருவருக்கும் சேர்த்து வாங்கிய மாதிரி.

"சரி, போதும்," என்றார் தாத்தா. "மழ வருது, போய்ச் சேருங்க. தொரை, கூரையில ஒழுவுதுன்னு உன் மருமவன் சொன்னான். தோப்புல ஓல கெடக்கு, எடுத்துக்கச் சொல்லு."

அவர் உள்ளே போனார். வாசுதேவன் வண்டியைக்கூட எடுக்காமல் வயல் பக்கம் நடந்து போய்விட்டான். காலனி ஆட்கள் கலைந்தார்கள். ஜெயினுலாபுதீன் ஆறிய காப்பி டம்ளர் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"முட்ஞ்சி போச்சு நைனா," என்றான் ஏசுதாஸ். "வுடு."

துரை விடவில்லை.

"வுடு நைனா. கை வலிக்கிது."

அவர் விடத்தான் பார்த்தார். கை பிரியவில்லை. தூறல் பெருமழையாகிக் களத்தில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. எல்லம்மாள்தான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.